பொட்டு வைத்த விசை

எங்கள் கணினியின் விசைப்பலகையில், மேல்வரிசை விசை ஒன்றின் மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. என் முகம்பார்க்கும் கண்ணாடியிலிருந்து உரித்து அதை அங்கே ஒட்டியவன் என் தம்பி. நாற்பது வயது. சிறு வயதில் கேரம் ஆடும்போது காய் குழியில் விழாவிட்டால், "அக்கா, இது கணக்குல வராது, கை வழுக்கிடுச்சு" என்று மறுபடியும் அடிப்பான். அழுது ஊரைக் கூட்டுவானே என்று நானும் விட்டுவிடுவேன். அப்படியே வளர்ந்து, மணமுடித்து, சிடாம் கிரி என்ற ஊரில் குடியேறி, இன்றும் வளைவு வந்தால் மோட்டார் சைக்கிளில் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு திரும்புகிற வீரன்.

அவனை அழைத்தது நான்தான். பீடோங்கில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் மோட்டார் சைக்கிள்கள் பறக்கும். பதினொரு வயது மகள் வீட்டுக்குள் இருந்தால் போதும் எனக்கு. அவன் வந்து, கணினியைப் பழைய வீடியோ விளையாட்டுப் பெட்டியாக நடிக்க வைக்கும் மென்பொருளைப் போட்டு, தன் இளமைக்கால ஸ்கேட்போர்டு விளையாட்டை ஓடவிட்டான். அந்தப் பெட்டியில் விழுந்தால் விழுந்ததுதான். இதிலோ ஒரு விசை ஆட்டத்தை அந்த நொடியில் சேமித்துக்கொள்ளும். பொட்டு வைத்த விசை, விழுந்தவனை அந்த நொடிக்கே திருப்பிக் கொண்டுபோகும். "விழுந்தியா, பொட்ட அழுத்து லா. யாரு பாக்கப் போறா?" என்று கற்றுக்கொடுத்தான். ஒரே மாதத்தில் அவள் விழவே தெரியாதவளானாள். தானே பட்டம் வாங்கியதுபோல் மாமன் பூரித்தான்.

பள்ளி விடுமுறைக்கு அவளை அவன் வீட்டில் விட்டு வந்தேன். செம்பனைத் தோட்டத்துக்கு இறங்கும் சிமெண்டுச் சரிவில், இரவல் வாங்கிய நிஜ ஸ்கேட்போர்டின் மேல் அவளை ஏற்றிவிட்டு, கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறான். தலைக்கவசம் அவன் மோட்டார் சைக்கிள் கூடையில் பத்திரமாக இருந்தது. அந்தப் படத்தை ஒரே ஒருமுறை பார்த்தேன். "போடா செல்லம், கேம்ல எத்தன தடவ பாஸ் பண்ணிட்ட!" என்ற குரல். பிறகு கால்வாய் விளிம்பு. மருத்துவமனையில் இரண்டாம் நாள் கண் திறந்தவள், "மாமா, பொட்ட அழுத்துங்க" என்றாள். அவன் வெளியே போய் அழுதான். அழுகை அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த கலை.

போன ஞாயிறு ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தான், அதில் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல. மருமகளைச் சிரிக்கவைக்க விளையாட்டைத் திறந்தான். முதல் தாவலிலேயே விழுந்தான். விரல் தானாக மேல்வரிசைக்குப் போனது. பொட்டைக் காணவில்லை. அவள் அதை உரித்துத் தன் வலதுகை மாவுக்கட்டின் மேல் ஒட்டியிருந்தாள்.

"அது வேணாம் மாமா. எழுந்து ஆடுங்க."

"நாளைக்கு ஆடுறேன்மா, பசிக்குது" என்று ஆட்டத்தை நிறுத்திவைத்து எழுந்துகொண்டான். வேறென்ன செய்வான்?

இருவரும் சாப்பிடப் போனபின் நான் திரைமுன் உட்கார்ந்தேன். பொம்மை மனிதன் குப்புறக் கிடந்தான். விசைகளைத் தடவினேன். ஒன்றில் மட்டும் பசை இன்னும் பிசுபிசுத்தது. அழுத்தினேன். அவன் சரிவின் உச்சியில், அடிபடாமல், நின்றிருந்தான்.

அடுத்த அறையில் மகள் இடதுகையால் சோறு அள்ளத் தடுமாறும் ஓசை கேட்டது. நான் மறுபடியும் அழுத்தினேன்.