குயில்டில் திரும்பி நின்ற மலைக்கோட்டை

வண்ணத் துணித்துண்டுகளைச் சேர்த்து நம் திண்டுக்கல் மலைக்கோட்டையைக் குயில்டாகத் தைத்தேன். வளைவோடு வளைவு சுருக்கமில்லாமல் சேர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முடித்து விரித்தால், மலை இடவலம் மாறிக் கிடக்கிறது! வரைந்த தாளைத் துணியின் பின்பக்கம் ஒட்டி வெட்டுவதால், படத்தை முதலிலேயே இடவலம் மாற்றி வரைந்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

இன்று ஒட்டன்சத்திரம் பஸ்ஸில் அதை மடியில் போட்டு, எரிச்சலோடு தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, திண்டுக்கல் மலைதானுங்களே? ஒட்டன்சத்திரம் ரோட்டுல எங்க தோட்டத்துல நின்னு பாத்தா அச்சு அசல் இப்படித்தானுங்க தெரியும். எதுக்குங்க பிரிக்கிறீங்க?"

கை அப்படியே நின்றுவிட்டது. மலைக்கு அந்தப் பக்கமும் ஆட்கள் இருக்கிறார்களே!

பிரித்ததைத் திரும்பத் தைத்துக்கொண்டிருக்கிறேன். யார் கேட்டாலும், இது ஒட்டன்சத்திரம் ரோட்டில் நின்று பார்த்து வரைந்தது.

என் வீட்டுக்காரரிடம் மட்டும் யாரும் போட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.