நாலும் ஆறும் சந்திக்காத காலண்டர்

புதுக் காலண்டரின் மை வாசனை பொங்கலோடு போய்விடும். ஜூன் மாதம் வந்தால் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் தாளிப்பு எண்ணெயும் அம்மாவின் மஞ்சள் விரல் தடமும் சேர்ந்து ஒரு சிக்கு வாசனைதான் வீசும். அந்தச் சிக்குக்கு நடுவே நீல மையில் சில வட்டங்கள், சிவப்பு மையில் சில வட்டங்கள். நீலம் அப்பாவின் "ஆஃப்", சிவப்பு அம்மாவின் "ஆஃப்".

அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் உலை வேலை. உலைக்கு ஞாயிறும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. அதை அணைக்கவே கூடாது என்பதால் மூன்று நாள் வேலை, நான்காம் நாள் ஓய்வு என்று ஆட்களை மாற்றி மாற்றி விடுவார்கள். அம்மா ஆவடிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஐந்து நாள் "டூட்டி", ஆறாம் நாள் ஓய்வு. மற்ற நாட்களில் இரண்டு பேரும் விடிந்ததும் போய் இருட்டியபின் வருவார்கள், ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். வட்டத்தைக்கூட அன்று காலையில்தான் போடுவார்கள். "முன்னாடியே போட்டா கண்ணு பட்டுரும், ஆஃப் கேன்சலாயிடும்" என்பது அப்பாவின் நம்பிக்கை. எதிலும் அவரோடு ஒத்துப்போகாத அம்மா இதில் மட்டும் ஒத்துப்போனாள்.

என் வகுப்புப் பிள்ளைகள் சைக்கிள் கேட்டு அடம்பிடித்த வயதில் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பகல். மூன்று பேரும் வீட்டில் இருக்க வேண்டும், மதியச் சோற்றுக்கு மூன்று தட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்பில் ஸ்டெல்லா மிஸ் மீ.சி.ம. நடத்தினார். மீச்சிறு பொது மடங்கு. பூந்தமல்லியிலிருந்து ஒரு பஸ் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறையும், இன்னொன்று ஆறு நிமிடத்துக்கு ஒருமுறையும் புறப்படுகின்றன; இப்போது இரண்டும் சேர்ந்து புறப்பட்டால் மறுபடி எப்போது சேர்ந்து புறப்படும்? "நாலு நிமிஷத்துக்கு ஒண்ணா! நம்மூர்ல நாப்பது நிமிஷத்துக்கு வந்தாலே பெருசு மிஸ்" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நாலு, எட்டு, பன்னிரண்டு; ஆறு, பன்னிரண்டு. நாலும் ஆறும் எங்கள் வீட்டு எண்கள் அல்லவா! என் நோட்டில் மிஸ் பெரிதாக "டிக்" போட்டார். அப்படியானால் பன்னிரண்டாம் தேதி இரண்டு பேருக்கும் ஓய்வு என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி காலை வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டேன். இரண்டு பேரும் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். மிஸ் டிக் போட்ட கணக்கு தப்பாகுமா, மதியத்துக்குள் திரும்பிவிடுவார்கள் என்று மூன்று தட்டைக் கழுவி வைத்தேன். ஒரு மணி ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. காலைச் சோற்றை நான் மட்டும் தின்றேன்.

அப்புறம்தான் காலண்டரைக் கீழே இறக்கி, பென்சிலால் மீதி வட்டங்களை நானே போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு இரண்டு, ஆறு, பத்து, பதினான்கு, பதினெட்டு. அம்மாவுக்கு மூன்று, ஒன்பது, பதினைந்து, இருபத்தொன்று. அடுத்த மாதத்துத் தாளையும் புரட்டிப் போட்டேன். இரட்டை எண்ணோடு நாலைக் கூட்டினால் இரட்டைதான் வரும். ஒற்றையோடு ஆறைக் கூட்டினால் ஒற்றைதான் வரும். வருடம் முழுக்கப் போட்டாலும் நீலமும் சிவப்பும் ஒரே கட்டத்தில் விழப்போவதில்லை. மிஸ்ஸின் பஸ்கள் ஒன்றாகப் புறப்பட்டவை. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் புறப்படவில்லை.

ஆனால் வழி இருந்தது, அதைக் கண்டுபிடித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா ஒரே ஒரு நாள் தள்ளிக்கொண்டால் போதும். மூன்று, ஏழு, பதினொன்று, பதினைந்து என்று ஒற்றைக்கு வந்துவிடுவார், பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அம்மாவைப் பிடித்துவிடலாம். பதினான்காம் தேதி, அவருடைய ஓய்வு நாளில், சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்ததும் நோட்டை அவர் மடியில் வைத்து விளக்கினேன். அப்பா ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார்.

"கணக்கு கரீட்டாதான் கீது பாப்பா" என்றார். "முன்னாடி அப்டிதான் கீந்துச்சு. நான்தான் கூட வேல செய்றவன்கிட்ட சொல்லி ஒருநாள் மாத்திக்கினேன்."

ஏன் என்று கேட்டேன்.

"ராவுல வந்தா சண்ட போடக்கூட தெம்பு இல்ல. பகல்ல ரெண்டு பேரும் ஒண்ணா ஊட்ல கீந்தாதான் பேஜாரு. நீ சின்னப் புள்ள, கட்டிலுக்கு அடில பூந்துகினு அழுவ. ஒரு உறைல ரெண்டு கத்தி நிக்குமா?"

கட்டிலுக்கு அடியில் சிமெண்ட் தரை சில்லென்று இருந்தது மட்டும் எனக்கு நினைவு வந்தது. மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அவரு மாத்திகினாரு, எனக்கும் தோதாப் போச்சு. இப்ப அதுக்கு இன்னாடி?" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருந்தது. அந்த மரப்பு முழுசாகப் போய்விட்டது என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். பென்சில் வட்டங்களை அழித்தேன். நான் முன்கூட்டியே போட்டதால்தான் கண் பட்டுவிட்டது என்று கொஞ்ச காலம் நம்பவும் செய்தேன்.

இப்போது காட்டுப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். உலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. சுவரில் காலண்டர் மாட்டுவதில்லை, அவரவர் தேதி அவரவர் போனில். நீலப் பேனாவுக்கு வேலையில்லை, ஏனென்றால் அப்பாவுக்கு இப்போது தினமும் ஓய்வு. அம்மாவுக்கு இன்னமும் ஆறாம் நாள்தான். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒன்றுக்கும் ஆறுக்கும் மீ.சி.ம. ஆறு, எந்தக் கணக்குப்படியும் ஆறு நாளைக்கு ஒருமுறை மூன்று பேரும் வீட்டில் இருந்தாக வேண்டும்.

நேற்று அம்மாவுக்கு ஆஃப். விடிந்ததுமே அப்பா குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, "திருமழிசைல சிநேகிதக்காரன பாத்துட்டு வரேன்" என்று பஸ் ஏறப் போய்விட்டார். காலண்டரும் இல்லை, யாரும் அவருக்கு நாள் சொல்வதும் இல்லை. ஆனாலும் ஒருமுறைகூட அவருடைய கணக்கு தப்பியதில்லை. மதியம் நான் இரண்டு தட்டு எடுத்து வைத்தேன்.