பிரீசருக்கு அடியில் வெள்ளம்

எலிக்காய்ச்சல் கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தை வேறொரு பாக்டீரியாவைக் கொண்டு செய்ய வைப்பதுதான் என் ஆராய்ச்சி. சொல்ல எளிது. கிருமியின் ஒரு மரபணுவை எடுத்துத் தீங்கில்லாத ஈ.கோலைக்குள் நுழைத்துவிட்டால், அது தன் வேலையோடு நம் வேலையையும் சேர்த்துப் பார்க்கும். பிறகு அதை உடைத்து நமக்கு வேண்டிய புரதத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். வயலில் இறங்கிக் காய்ச்சல் கண்டவர்களின் ரத்தம் அந்தப் புரதத்தை அடையாளம் காண்கிறதா என்று பார்ப்பது அடுத்த கட்டம். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில், நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் இதைச் செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் புரதம் லேசுப்பட்டதல்ல. கட்டிகட்டியாகத் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எட்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பாக்டீரியாவைக் குளிரில் மெதுவாக வளர்த்தபோதுதான் கரைந்து நின்றது. சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து மைனஸ் எண்பது பிரீசரில் வைத்த அன்று, நேரே கடைக்குப் போய் வயிறு முட்டப் புரோட்டா தின்றேன்.

ஆய்வகத்தைப் பெருக்கித் துடைத்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவித் தந்த அக்கா, இனயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. அந்த வருடம் நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. அக்கா அதையே நம்பிக்கொண்டிருந்தார். எங்கள் கைடு தஞ்சாவூர்க்காரர். முன்பிருந்தவர் மாற்றலாகிப் போன இடத்துக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

ஐப்பசி மழைக்காலம். சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை. விடுமுறையிலும் அக்காவுக்கு வேலை உண்டு. முதல் நாள் காலை பெருக்க வந்தவர் பிரீசருக்கு அடியில் ஈரத்தைப் பார்த்திருக்கிறார். கதவோரம் படிந்த பனி உருகிச் சொட்டியிருந்தது, அவ்வளவுதான். ஊருக்குப் போயிருந்த கைடுக்குப் போன் செய்து, "சார், பிரீசருக்கு அடியில வெள்ளம் கெடக்கு" என்றார். எங்கள் மாவட்டத்து மழையை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் பதறிப்போனார். "மெயின் சுவிட்ச அணைச்சிட்டு உடனே வெளிய போயிரு!" என்றார். அக்கா அணைத்தார். கிடந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தார். பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

நான்காம் நாள் நான்தான் பிரீசரைத் திறந்தேன். முடைநாற்றம் முகத்தில் அடித்தது. குழாய்களுக்குள் என் புரதம் திரிந்த பால் மாதிரி இருந்தது. வந்த கோபத்துக்கு எதிரில் யார் நின்றிருந்தாலும் கடித்துக் குதறியிருப்பேன்.

கைடின் அறையில் அவர், அக்கா, நான், மூன்றே பேர்.

"தரையில வெள்ளம் வந்த அடையாளமே இல்லையேம்மா!"

"வந்துதுன்னு சொல்லல சார். கெடந்துது. நான் துணி வச்சித் தொடச்சேன்."

"வெள்ளத்தைத் துணியால தொடச்சியா? யார்கிட்ட கதை விடறே? லீவு வேணும்னா கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கலாமே!"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எங்கள் வீட்டிலும் கிணற்றில் கோருவது வெள்ளம்தான், குடிப்பதும் வெள்ளம்தான். ஒரே ஒரு வரியில் தீர்த்திருக்கலாம். தீர்க்கவில்லை. எட்டு மாத உழைப்பு போன ஆத்திரம். யாராவது ஒருத்தி அனுபவிக்கட்டும் என்றிருந்தது. இன்னொன்றும் உண்டு. சென்னையில் எம்.எஸ்சி. படிக்கப் போன புதிதில் குடிக்க வெள்ளம் கேட்டதற்கு விடுதியே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து தண்ணி, தண்ணி என்று நாக்கைப் பழக்கி வைத்திருந்தேன். அக்காவுக்காகப் பேசினால் நானும் அந்தக் கூட்டம்தான் என்று கைடுக்குத் தெரிந்துவிடும். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

பொய்த் தகவல் தந்ததாக எழுதி, மறுநாளே அக்காவை நிறுத்திவிட்டார்கள்.

கெட்டது புரதம் மட்டும்தான். அதைச் செய்யும் பாக்டீரியா சாகவில்லை. அதே பிரீசரில் அதைச் சேமித்து வைத்திருந்த குழாயும் உருகித்தான் போயிருந்தது; அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் இழுத்துவிட்டேன். மறுநாள் காலை புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. பக்குவம் கைவசம் இருந்ததால் மூன்றே வாரத்தில் பழைய அளவு புரதம் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தைரியம் வந்து கைடிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "அந்த இடத்துக்கு ஆள் போட்டாச்சேம்மா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இனயத்துக்குப் போனேன். அக்கா நாற்காலி எடுத்துப் போட்டு, பால் விடாத கட்டன்சாயா போட்டுத் தந்தார். தஞ்சாவூர்ப் பக்கம் வெள்ளம் என்றால் ஆறு உடைத்துக்கொண்டு வருவது என்று, அவருக்குத் தெரியாத எதையோ சொல்ல வந்தவள் போல விளக்கினேன்.

"அத எங்க மக அப்பவே பறஞ்சு தந்தா. அவ மெட்ராஸ்லலா நர்சா இருக்கா" என்றார் அக்கா. "சாருக்கு அறியாது, அவர குத்தம் சொல்லப்பிடாது. ஒனக்கு அறியும்லா மக்கா? நீ ஏன் வாயத் தொறந்து மிண்டாம நின்ன?"