மீட்டருக்கு வைத்த பொட்டு

நேற்று ஆயுத பூஜை. எங்கள் செராமிக் பட்டறையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் நானே சந்தனம், குங்குமம் வைத்தேன்.

இன்று விஜயதசமி, நல்ல நாள் என்று வேலையைத் தொடங்கினால், மண் கூழுக்கு ஊற்றும் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மீட்டரில் அளவு எங்கேயோ உச்சத்தில் போய் நிற்கிறது.

"தொட்டித் தண்ணி பூரா உப்பு. தொறந்து வுட்ருங்க" என்றார் என் வீட்டுக்காரர். மீட்டரைக் கவனித்துக்கொள்ளும் ஸ்டெல்லாவுக்கும் திட்டு: "ரொப்பும்போதே பாத்திருக்கக் கூடாதா?"

ஸ்டெல்லா மீட்டரின் முனையைப் புது டிஸ்டில்டு வாட்டரில் விட்டாள். அதிலும் உப்பு காட்டியது!

"தண்ணி மேல தப்பில்ல சார். இதுலதான் ஏதோ இருக்குது."

முனையைத் திருப்பினாள். துளைக்குள் குங்குமம். என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கொஞ்சம் அழுக்கு சார்" என்று சொல்லிவிட்டு, அலசி ஊறவைத்தாள். அளவு தெரிந்த உப்புக் கரைசலில் விட்டுச் சரிபார்த்தாள். பிறகு தொட்டித் தண்ணீரில் விட்டாள். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அழுக்கு இல்லீங்க. நான் வச்ச பொட்டு" என்றேன்.

"அதும் மூக்குலயா வச்ச?" என்றார்.

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். "எனக்கே வைக்க வந்தாங்க சார். நான் தப்பிச்சேன், மீட்டரு மாட்டிக்கிச்சு."

பூஜை போட்டது நான். தொட்டித் தண்ணீரையும் என் மானத்தையும் காப்பாற்றியது மாதா கோயிலுக்குப் போகிற பிள்ளை. இரண்டு சாமிக்கும் நன்றி.

இந்தக் கம்ப்யூட்டருக்கும் நேற்று வைத்தேன். திரை நடுவில் பொட்டு அப்படியே இருக்கிறது, துடைக்க மனம் வரவில்லை. நீங்கள் எதற்கெல்லாம் வைத்தீர்கள்? எது எது இன்னும் ஓடுகிறது?