ஆமென் சொல்லாத ஜெபம்

அந்தச் சட்டைத் தையல் கூடத்தில் அவளுக்கு இரண்டு பட்டப்பெயர்கள் இருந்தன. பித்தான் நுழையத் துளை போடும் காஜா மெஷினில் வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பதால் காஜாக்கா. காலை ஜெபத்தில் ஜெபிப்பவர் மூச்சு வாங்க நிறுத்தினாலே "ஆமென்" போட்டு முடித்துவைத்துவிடுவாள் என்பதால் அவசர ஆமென். முதல் பெயரை முகத்துக்கு நேராகச் சொல்வார்கள், இரண்டாவதை முதுகுக்குப் பின்னால். இரண்டும் அவள் காதில் விழும். ஒரு காஜா போடுகிற நேரத்துக்கு மேல் கடவுளைப் பிடித்து நிறுத்திப் பேசக்கூடாது என்பது அவள் கட்சி. "அவருக்கு வேற வேலை இல்லையா?" என்பாள்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை ஜெபத்தைத் தொடங்கிவிட்டு, முடிக்கமாட்டேன் என்று நின்றாள்.

கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. படிக்கட்டு ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அளவுக்குக் குறுகல். வெட்டிய துணிக்கட்டுகளை அந்த வழியே தூக்கி வர முடியாது. அதனால் கூடத்துக்கு முன்னால் இருந்த திறந்த மாடியில் கப்பி மாட்டி, கீழே நிற்கும் லாரியிலிருந்து கயிற்றில் இழுத்தார்கள். கட்டு உள்ளே வரத் தோதாக மாடியின் கைப்பிடிச்சுவரில் ஒரு ஆள் கையை விரித்து நிற்கும் அகலத்துக்கு இடித்தும் விட்டார்கள். அந்த இடைவெளியின் ஓரத்தில் ஒருத்தி நின்றுகொண்டு, அந்தரத்தில் ஆடும் கட்டை எட்டிப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும்.

முதலாளி கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவர் தினமும் காலையில் எல்லோரையும் நிறுத்தி, வசன அட்டைகள் போட்ட மரப்பெட்டியைக் குலுக்கி, ஒன்றை எடுத்து உரக்க வாசிப்பார். அன்றைக்கு யார் முறையோ அவர் அந்த வசனத்தை வைத்து ஜெபிக்க வேண்டும். "வசனத்தின்மேல நின்னு ஜெபிங்க. வசனம்தான் அஸ்திவாரம். சொந்தக் கதை, சோகக் கதை எல்லாம் வீட்டுல வச்சுக்கோங்க" என்பார். இன்னொரு சட்டமும் உண்டு. கடைசி ஆமென் விழுந்த பிறகுதான் சூப்பர்வைசர் மெயின் சுவிட்சைத் தொடலாம். ஜெபம் முடியாமல் தன் கூடத்தில் ஒரு தையல்கூட விழுந்ததில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவார்.

போன மாதம் கட்டு இழுத்துக்கொண்டிருந்தவள் அந்த இடைவெளி வழியே கீழே விழுந்தாள். கீழ்க்கடையின் தகரக் கூரை தடுத்ததால் உயிர் தங்கியது, இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார், நேரில் போனார், அவள் கட்டிலருகே நின்று அழவும் செய்தார். திரும்பி வந்து ஒரு பலகை எழுதவைத்தார். தேவதூதர்கள் உன்னைத் தங்கள் கைகளில் தாங்கிக்கொள்வார்கள் என்று வேதத்தின் சங்கீதப் புத்தகத்தில் வரும் வசனம். நீல எழுத்து, தங்க ஓரம். அதை இடிந்த சுவரின் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினார். செங்கல் வைக்க வேண்டிய இடத்தில் மனிதர் வசனத்தை வைத்தார்.

விழுந்தவளின் இடத்துக்கு ஒல்லியான, கை நீளமான ஆள் தேடினார்கள். சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டும் வேலையில் அப்படி ஒருத்தி இருந்தாள். அவள் காஜாக்காவின் நாத்தனார்.

புருஷனை விட்டுப் பிரிந்து அண்ணன் வீட்டோடு வந்து தங்கியவள். அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். குளியலறைக்குள் யார் முதலில் போவது, சீப்பை எங்கே வைப்பது, குழம்பில் உப்புப் போட்டது யார், போடாதது யார் என்று தினம் ஒரு பஞ்சாயத்து. அவளுக்கு அவ்வப்போது தலை சுற்றும். அதைக்கூடக் காஜாக்கா நம்பியதில்லை; பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் மட்டும் சுற்றுகிற தலை என்பாள்.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவ வெளியே வந்தபோது பார்த்தாள். நாத்தனாரின் ஒரு பாதம் பாதி வெளியே இருந்தது. ஒரு கை இடிந்த சுவரின் விளிம்பைப் பிடித்திருந்தது, மறு கை காற்றில் கட்டைத் துழாவிக்கொண்டிருந்தது. இவளுக்காக இப்படிப் பயப்படுவோம் என்று காஜாக்கா கனவிலும் நினைத்ததில்லை. அந்த ஆத்திரத்தோடு நேரே முதலாளியிடம் போனாள்.

"ஐயா, அந்த ஓட்டையை அடைச்சுடுங்க. அவளுக்குத் தலை சுத்தும்."

"அடைச்சா கட்டை எப்படிம்மா உள்ள இழுக்கிறது?" முதலாளி பலகையைக் காட்டினார். "விசுவாசம் வேணும். போன மாசம் விழுந்தவ உயிரோடதானே இருக்கா? அதைவிட என்ன சாட்சி வேணும் உனக்கு?"

அன்று மாலை சமையலறைத் தரையில் உட்கார்ந்து காஜாக்கா வேதத்தைப் புரட்டினாள். அடுப்பில் உலை கொதித்துப் பொங்கியது, கவனிக்கவில்லை. புரட்டின இடமெல்லாம் ஆறுதலாகவே வந்தது. அவளுக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை, செங்கல் வேண்டியிருந்தது.

வேலையிலிருந்து வந்த புருஷன் கை கால் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தார். அவர் கொத்தனார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கினால் தலையைத் தொங்கப்போட்டு உறங்குவதில் பேர்போனவர்.

"அப்படி என்ன தேடுற?"

"சுவர் கட்டச் சொல்ற வசனம்."

"அது இருக்கே!"

"கிண்டல் பண்ணாதீங்க. நானே எரிச்சல்ல இருக்கேன்."

"நிஜமாத்தான். மோசே சட்டம் சொல்ற இடத்துல எங்கேயோ வரும். புது வீடு கட்டினா மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வை, இல்லேன்னா எவனாவது விழுந்து சாவான், அந்த ரத்தப்பழி உன் வீட்டு மேலன்னு. அவ்வளவு பெரிய புஸ்தகத்துல என் தொழிலுக்குன்னு சொன்னது அது ஒண்ணுதான். அதைக்கூடவா மறப்பேன்?"

"நீங்கதான் கோயில்ல தூங்குவீங்களே?"

"அன்னிக்கு மட்டும் முழிச்சிருந்தேன்."

மூன்று பேரும் சேர்ந்து தேடினார்கள். சோறு குழைந்து கூழானது. கடைசியில் நாத்தனார்தான் உபாகமத்தில் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த கையோடு பயமும் வந்துவிட்டது.

"அண்ணி, வம்பு வேண்டாம். வேலை போயிடும்."

"போனா போகட்டும். வேலை போனா வேற வேலை. நீ போயிட்டா குளியலறை வாசல்ல நான் யார்கூட சண்டை போடுறது?"

நாத்தனார் எழுந்து போய், யாரும் சொல்லாமலே பாத்திரங்களைத் தேய்த்தாள்.

மறுநாள் ஜெபிக்கும் முறை காஜாக்காவுடையது. முதலாளிக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் பெட்டியைக் குலுக்கவே இல்லை. "இன்னிக்குப் பலகை வசனமே இருக்கட்டும். தூதர்கள் தாங்குவார்கள். இதைவிட்டு வெளிய போகாம ஜெபிக்கணும்" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். நாற்பது பெண்களும் கண்ணை மூடினார்கள். சூப்பர்வைசர் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார். அவசர ஆமெனின் முறை என்றால் எப்போதும் சுருக்கமாகத்தான் இருக்கும்.

"ஆண்டவரே, உம்முடைய வசனத்துக்காக உமக்கு ஸ்தோத்திரம்" என்று முறையாகத்தான் ஆரம்பித்தாள். கோபம் வந்ததும் நீரும் உம்மும் போய் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"இந்த வசனத்தின்மேல நின்னு ஜெபிக்கச் சொல்றாங்க. நிக்கிறேன். தூதருங்க தாங்குவாங்க, நம்புறேன். ஆனா இதே வசனத்தை ஒருத்தன் உங்க மகன்கிட்டயே சொன்னான். கோயில் உச்சியில கொண்டுபோய் நிறுத்தி, குதி, தூதருங்க தாங்குவாங்கன்னான். வசனம் சரிதான். சொன்னவன் யாருன்னு உங்களுக்கும் தெரியும், இங்க இருக்கிறவங்களுக்கும் தெரியும்."

பிசாசு என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை; ஆனாலும் கூடத்தில் யாருக்கோ விக்கல் எடுத்தது.

"உங்க மகன் குதிக்கலை. கடவுளைச் சோதிச்சுப் பாக்காதேன்னு சொல்லிட்டுப் பத்திரமா நின்னுக்கிட்டார். அவரே காலை எடுத்து வைக்காத ஓரத்துல என் நாத்தனாரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்காங்க, ஆண்டவரே. அவர் உங்க மகன். இவ பிசிறு வெட்டுறவ. இவளுக்குத் தலை வேற சுத்தும், நான்தான் நம்பலை, என்னை மன்னிச்சிடுங்க. மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, இல்லேன்னா ரத்தப்பழின்னு நீங்களே எழுதிவச்சிருக்கீங்க. தூதருங்களைப் படைச்சவரே சுவரும் கட்டச் சொல்லியிருக்கீங்க. அந்தச் சுவர் வேணும். வேற எதுவும் நான் கேக்கலை."

நிறுத்தினாள். எல்லோரும் ஆமெனுக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை.

முதலாளி தொண்டையைச் செருமினார். "ஆமென் சொல்லும்மா."

"இன்னும் முடியலை, ஐயா." அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அதான் எல்லாத்தையும் கொட்டிட்டியே?"

"நான் சொல்லிட்டேன். அங்கேருந்து பதில் வரலை. பதில் வராம போனை வைப்பாங்களா?"

முதலாளி தானே "ஆமென்!" என்றார். வழக்கமாக அவர் சொன்னால் நாற்பது வாயும் சேர்ந்துகொள்ளும். அன்று ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. இன்னொரு தடவை, இன்னும் சத்தமாகச் சொன்னார். பலனில்லை. கீழே லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார்.

"இது என்ன ஜெபமா, போராட்டமா?" என்று முதலாளி கத்தினார்.

காலர் தைக்கும் அம்மாள் மூடிய கண்ணோடு பின்வரிசையிலிருந்து சொன்னாள்: "ஐயா, ஜெபம் நடக்குது. சத்தம் போடாதீங்க."

"சுவிட்சைப் போடுய்யா!"

"ஆமென் விழலையே, ஐயா. உங்க சட்டம்தானே?" என்றார் சூப்பர்வைசர். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்றோடு வேலை போனது என்றுதான் காஜாக்கா நினைத்தாள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி வெளியே போவது கேட்டது. அதற்குமேல் பொறுக்க முடியாமல், ஆண்டவர் மன்னிக்கட்டும் என்று ஒற்றைக் கண்ணை லேசாகத் திறந்தாள்.

முதலாளி லாரிக்காரரை அதட்டத்தான் ஓரத்துக்குப் போயிருந்தார். சுவரை இடித்த நாளிலிருந்து அந்த ஓரத்தில் நின்று அவர் கீழே பார்த்ததே இல்லை. கீழே குனிந்தார். நசுங்கிய தகரக் கூரை இன்னும் அப்படியே கிடந்தது. சட்டென்று பின்வாங்கி, பிடிப்புக்காகக் கையை நீட்டினார். அகப்பட்டது பலகைதான். அது ஆணியோடு பெயர்ந்து கையில் வந்தது. மனிதர் தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளையாக உள்பக்கம்.

வெகுநேரம் அங்கேயே இருந்தார். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. பலகை இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"சுவர் வச்சா கட்டு எப்படிம்மா உள்ள வரும்?" இப்போது அது கேள்வியாக இருந்தது.

"கப்பியை உசத்தி மாட்டினா சுவருக்கு மேலாகவே வந்துடும்னு என் வீட்டுக்காரர் சொல்றார்."

"அவரை வரச் சொல்லு. இன்னிக்கே."

நாற்பது பேரும் ஆமெனுக்காக மூச்சைப் பிடித்தார்கள். காஜாக்கா கண்ணைத் திறந்து முதலாளியை நேராகப் பார்த்தாள்.

"சுவர் வரட்டும், ஐயா. கட்டுன்னுதான் எழுதியிருக்கு. கட்டுறேன்னு சொல்லுன்னு எழுதலை. மெஷினை வேணும்னா போடச் சொல்லுங்க, தைச்சுக்கிட்டே ஜெபத்துல இருக்கோம். ஆனா அந்த ஓரத்துல ஒருத்தியும் நிக்கமாட்டா."

முதலாளி அவளை முறைத்தார். பிறகு சூப்பர்வைசரிடம் கையைக் காட்டினார். அந்தக் கூடத்தில் முதல்முறையாக ஜெபத்தின் நடுவில் மெஷின் ஓடியது. ஜெபத்தில் இருப்பதால் புறணி பேசக்கூடாது என்று காலர் தைக்கும் அம்மாள் கட்டளை போட்டாள். அதுதான் எல்லோருக்கும் பெரிய கஷ்டமாக இருந்தது.

கொத்தனார் மதியமே வந்தார். இடுப்பில் கயிற்றைக் கட்டித் தூணோடு பிணைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். சாயங்காலம் சுவர் முழங்காலுக்கு வந்தது. மறுநாள் காலை முதலாளி பழக்கதோஷத்தில் வசனப் பெட்டியை எடுத்தார். "நேத்து ஜெபமே முடியலையே, ஐயா" என்று நாலைந்து குரல்கள் ஒன்றாகக் கேட்டன. பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டார். அன்று மாலை சுவர் மார்பளவு நின்றது. நன்றாக இறுகும்வரை யாரும் தொடக்கூடாது என்று கொத்தனார் தங்கச்சியை மட்டும் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தார். தினமும் அவரே வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

இனி தொடலாம் என்று அவர் சொன்ன காலையில் எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். முதலாளி பலகையை இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். கேட்கக் கூச்சமாக இருந்தது போலும்.

"இப்ப மாட்டுங்க, ஐயா" என்றாள் காஜாக்கா. "சுவர் இருக்கில்ல, இப்ப அந்த வசனத்தை மாட்டலாம்."

புதுச் சுவரில் பலகை ஏறியது. காஜாக்கா நாத்தனாரின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "போ. சாய்ஞ்சு பாரு."

நாத்தனார் முதலில் கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு காலால் ஒரு உதை விட்டாள். அதன் பிறகு உடம்பின் மொத்தப் பாரத்தையும் சுவர்மேல் போட்டு, இரண்டு கையையும் வெளியே தொங்கவிட்டுத் தெருவை வேடிக்கை பார்த்தாள். சுவர் அசையவில்லை.

எல்லோரும் காஜாக்காவைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். கண்ணிலிருந்து கொட்டியதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றாள்.

நாத்தனார் சுவரில் சாய்ந்தபடியே திரும்பினாள். "என்ன அண்ணி, அவசர ஆமெனுக்கு ஆமெனே மறந்துபோச்சா?"

"வாயை மூடுடி" என்றாள் காஜாக்கா. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலையைக் குனிந்து சொன்னாள்: "ஆமென்."