பூகோவ் துறையில் பூட்டிய கதவு

எங்கள் ரயிலில் சட்டத்தை அணுவளவும் மீறாதவர் ஒருவர் உண்டென்றால் அது பெட்டிப் பணியாளர் மியாவ் தேஷுன்தான். அதனாலேயே அவருடைய கல்யாணம் எட்டு வருஷம் தள்ளிப்போனது.

அந்த இடத்தில் யாங்ட்சி ஆற்றுக்குப் பாலம் வராத காலம். பூகோவ் கரையில் ரயிலைத் துண்டுகளாகக் கழற்றி, ஒவ்வொன்றாகப் படகில் ஏற்றி, அக்கரை நான்ஜிங்கில் மறுபடி கோப்பார்கள். பயணிகள் பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். கழிவறைகளையும் பூட்டிவிடுவோம், இல்லையென்றால் எல்லாம் படகின் தளத்தில் விழும்.

அன்று மியாவின் பெட்டியில் லூ கெங்ஷெங் ஏறியிருந்தார். மியாவ் கட்டிக்கொள்ளவிருந்த ஹுய்ஜுவானின் அப்பா. வருங்கால மாப்பிள்ளை வேலை செய்யும் அழகைப் பார்க்க வந்தவர். மியாவ் அவர் குவளை காலியாகக் காலியாகத் தேநீரை ஊற்றித் தள்ளினார். அந்த அன்பைத் தாங்க முடியாமல், பூகோவ் நெருங்கியபோது லூ கழிவறைக்கு ஓடினார். மியாவ் கடமையே கண்ணாக, உள்ளே ஆள் உண்டா என்று பாராமல் வெளியே பூட்டினார். அடுத்த பெட்டியின் பணியாளர் பெய் லான் தன் சாவியைத் தொலைத்திருந்தாள். அவளிடம் தன்னுடையதைக் கொடுத்தார். அந்த இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில்தான் அன்றைக்கு ரயிலைக் கழற்றினார்கள்.

படகு நகர்ந்ததும் கதவு அதிர்ந்தது.

"எவன்டா பூட்டுனது? திறடா!"

குரலைக் கேட்டதும் மியாவ் கதவருகே ஓடினார். "மாமா... சாவி கரையில நிக்குது."

"ஏன், அதுக்குக் கால் முளைச்சிருச்சா?"

"அடுத்த படகுல வந்துரும், மாமா."

"சரி, வந்த வேலையயாவது முடிக்கிறேன்."

"ஐயோ, கூடாது மாமா! படகுல உபயோகிக்கக் கூடாதுன்னு விதி. கீழ ஆளுங்க நிக்கிறாங்க."

"டேய், நான் கழிவறைக்குள்ளதானடா நிக்கிறேன்!"

உப்பிட்ட வாத்துக்கறியைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் குரல் கொடுத்தார்: "பெரியவரே, உங்களுக்காவது இடம் கிடைச்சுது. எங்க கதியப் பாருங்க!"

பெட்டியே சிரித்தது. ஆற்றில் மூடுபனி இறங்கிவிட்டதால் படகு நடுவழியில் நங்கூரம் போட்டது.

லூ கடைசிவரை பொறுத்தாரா என்பது பற்றிக் கீழே நின்ற தொழிலாளர்கள் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அக்கரையில் சாவி வந்து கதவு திறந்தபோது லூ சொன்னார்: "பாலம் வரட்டும். அதுமேல உன் ரயில் நிக்காம போகட்டும். அப்புறம் பொண்ணு தரேன்."

அப்போது ஆற்றில் ஒரு தூண்கூட எழும்பவில்லை. மியாவ் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் தூண் வளர்கிறதா என்று எட்டிப் பார்த்தார். ஹுய்ஜுவான் லீவு நாளெல்லாம் பால வேலைக்கு மண் சுமந்தாள். அவளுடைய தேசபக்தியை மெச்சி அதிகாரிகள் அவள் நெஞ்சில் காகிதப் பூ குத்தினார்கள்.

பாலம் திறந்ததும் மியாவின் பெட்டியில் லூ ஏறி உட்கார்ந்தார். ரயில் ஆற்றுக்கு மேலே, நிற்காமல் போனது.

"இப்ப சம்மதமா, மாமா?"

லூ கையை நீட்டினார். "முதல்ல சாவியக் குடு. அக்கரையில இறங்கினப்புறம் பேசுவோம்."