கல்வாழையை உள்ளே எடுத்து வைக்கும் ஊர்

அக்டோபரில் ஒரு காலை. நல்லபடியாகப் பூத்து நின்ற செடிகளை மூன்று ஆட்கள் வேரோடு தோண்டி வண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் எனக்கு வேலை; பஸ்ஸுக்காக எதிரே நின்றிருந்தேன். பாரீசிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத்தில் இருக்கிற ஊர் இது. வண்டிகள் சுற்றிப்போகிற வட்டத்தை இங்கே ரோன்புவான் என்பார்கள். கோடை முழுக்க அந்த வட்டத்தின் நடுவில், அகல இலையும் சிவப்புப் பூவுமாக, பக்கத்தில் பெயர்ப்பலகையோடு அந்தச் செடி நின்றது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று மூன்று மாதமாக எனக்குக் குடைச்சல். தோண்டிப்போட்ட கிழங்கைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அட, கல்வாழை!

காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டில் அதன் இடம் குளியலறைக்குப் பின்னால், அழுக்குத் தண்ணி வந்து விழுகிற மூலை. சோப்புத் தண்ணி, மீன் கழுவிய தண்ணி எல்லாம் அதற்குத்தான். அந்தப் பூவைச் சாமிக்கும் வைக்கமாட்டோம், தலையிலும் வைக்கமாட்டோம். அதன் கருப்பு விதையைத் தம்பி செல்வம் என் மண்டையைக் குறிபார்த்து எறிவான். வழியை அடைக்கிறதென்று அப்பா அரிவாளால் தரையோடு அறுப்பார். பத்தே நாளில் குருத்து விட்டு வந்துவிடும். மரியாதையாக நின்ற இடத்தில் அதை எனக்கு அடையாளம் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

"ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். நான் செடி கேட்கிறேன் என்று அந்த ஆள் நினைத்துவிட்டான். மூன்று கிழங்கை இலையும் மண்ணுமாக என் பையில் திணித்து, "காவ், மதாம், காவ்" என்றான். காவ் என்றால் வீட்டுக்கு அடியில் இருக்கிற நிலவறை. செடியைக் கொண்டுபோய் இருட்டறையில் வைப்பானா ஒருவன்? பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே வந்து பதினொரு வருஷம். கறிவேப்பிலை இரண்டு தடவை செத்தது. முருங்கை ஒரு முழம்கூட வளரவில்லை. இதையாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. வாடகை வீட்டின் பின்னால் பாய் விரிக்கிற அளவுக்கு மண் இருக்கிறது. எங்கே நடுவது என்று நான் யோசிக்கவே இல்லை. சமையலறைத் தொட்டியின் கழிவுக் குழாயைக் கழற்றி, ரப்பர் குழாய் மாட்டி, பாத்திரம் கழுவுகிற தண்ணி நேராகக் கல்வாழையின் காலில் விழும்படி செய்தேன்.

என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இது என்ன கோவில்பத்தா? போலீசு வரப்போவுது பாரு."

"வரட்டுங்க. ஒரு டம்ளர் காப்பி குடுத்து அனுப்புறேன்."

போலீஸ் வரவில்லை. பக்கத்து வீட்டு மதாம் மர்த்தின் வந்தாள். என் வயதுக்காரி, தபால் அலுவலகத்தில் வேலை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "சாக்கடையை ஏன் தோட்டத்தில் விடுகிறீர்கள்?" என்றாள். "அது குடிக்கும்" என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவம்பரில் ஒரு காலை கதவைத் திறந்தால் மண்ணெல்லாம் வெள்ளையாக உறைபனி. கல்வாழை வெந்த கீரை மாதிரி கருத்துத் தொங்கியது. நைட்டியோடு அதன் முன்னால் நின்று தமிழில் கத்தித் திட்டினேன். இந்த நாட்டையா, செடியையா, என்னையா என்று எனக்கே தெரியவில்லை. சத்தம் கேட்டு மர்த்தின் எட்டிப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியோடு வந்து தோண்டினாள். இரண்டு கிழங்கு கொழகொழவென்று அழுகிவிட்டிருந்தது. மூன்றாவதை அழுத்திப் பார்த்தாள். என் விரலைப் பிடித்து என்னையும் அழுத்த வைத்தாள். கல் மாதிரி இருந்தது. அதைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, தன் வீட்டுக் காவுக்குள் கொண்டுபோனாள். ரப்பர் குழாயை நானே கழற்றினேன்.

அன்றைக்கே செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"அந்தச் சனியனா? கொல்லை முழுக்க சிமெண்டு போட்டாச்சுக்கா. அப்பவும் தண்ணி போற ஓட்டைகிட்ட வெடிச்சிக்கிட்டு வருது. ஆசிட் ஊத்தலாம்னு இருக்கேன்."

"ஊத்துன, கைய ஒடிச்சிருவேன். போட்டோ எடுத்து அனுப்புடா மொதல்ல."

"கல்வாழைக்கா போட்டோ? ஒனக்குக் குளுரு மண்டைக்கு ஏறிடுச்சுக்கா."

ஆனாலும் அனுப்பினான். மார்ச்சில் கிழங்கைப் பார்க்க மர்த்தினின் காவுக்குள் இறங்கியபோது அந்தப் படத்தைக் காட்டினேன். வெடித்த சிமெண்டு, அதற்கு மேலே ஆள் உயரத்துக்குச் சிவப்புப் பூ. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அங்கே இதைக் குளிர்காலத்தில் யார் உள்ளே எடுத்து வைப்பார்கள்?"

"யாருமில்லை. வெளியே துரத்தத்தான் பார்க்கிறோம். போகமாட்டேன் என்கிறது."

அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்க எனக்குப் பிரெஞ்சு போதவில்லை.

அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். மண் கிடையாது, தண்ணி கிடையாது, வெளிச்சம் கிடையாது. ஆனாலும் செய்தித்தாளைக் குத்திக் கிழித்துக்கொண்டு சிவப்பாக ஒரு முளை வெளியே நின்றது. பிரித்துப் பார்க்க இரண்டு கையும் வேண்டும். ஒரு கையில் பொட்டலம், இன்னொரு கையில் போன், அதில் கோவில்பத்துப் பூ. எதைக் கீழே வைப்பது என்று தெரியாமல் அந்த இருட்டில் நின்றுகொண்டிருந்தேன்.